ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், மெஷின் தானாகக் கெட்டால் நாம் டாக்டர். நாமே கெடுத்துவிட்டால் நமக்கு என்ன பேர் என்று இன்னும் யாரும் வைக்கவில்லை.

சிவகாசியில் கடை வைத்திருக்கிறேன். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், அச்சாபீஸ் கம்ப்யூட்டர்களுக்குத் தூசி தட்டப் போய், திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, இந்தத் தொழிலைப் பிடித்தேன். இப்போது புரோகிராமும் செய்து விற்கிறோம். எழுதுவது என் கடையில் வேலை பார்க்கும் எஸ்தர், பேரம் பேசுவது நான். இதே பிழைப்பில் இருக்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

எல்லாருக்கும் ஒரே நம்பர்

அச்சாபீஸில் படம் ஏற்றி அச்சடிக்கிற தகட்டுக்கு பிளேட் என்று பேர். எந்த பிளேட் முதலில், எது அடுத்து என்று வரிசை போட்டு, பிளேட் அடிக்கிற மெஷினுக்கு அனுப்புகிற புரோகிராம் எங்களுடையது. ஒருவரிடம் விற்றால் பத்துப் பேர் காப்பி அடித்துவிடுவார்கள் என்று அதற்கு ஒரு பூட்டு போட்டோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு மதர்போர்டிலும் அதைச் செய்தவன் சில விவரங்களை உள்ளேயே எழுதி அனுப்புவான். அதுதான் ஃபர்ம்வேர். அதை நம் புரோகிராம் நேராகத் தொட முடியாது. நடுவில் கெர்னல் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான், அவன்தான் எடுத்துக் காட்டுவான். அவனிடம் சீரியல் நம்பரைக் கேட்டு வாங்கி, அந்த நம்பர் உள்ள மெஷினில் மட்டும் புரோகிராம் திறக்கும்படி செய்தோம்.

முதல் ஆபீஸில் போட்டேன், திறந்தது. அதே காப்பி இரண்டாவது ஆபீஸில் திறக்கவே கூடாது, அங்கேயும் திறந்தது. மூன்றாவதிலும் திறந்தது! கடைக்கு வந்து எஸ்தரைப் பிடித்துக் கத்தினேன். அவள் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், ‘கம்பெனி இதை நிரப்பிக்கொள்ளவும்’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. நான் மொத்தமாக வாங்கிய அத்தனை போர்டிலும் அதே வரி. எஸ்தர் சொன்னாள்:

“நீங்க அடிச்ச பேரத்துக்கு அவன் நம்பரெல்லாம் எழுதுவானாக்கா? போர்டு குடுத்ததே பெருசு.”

நாலு நாளும் அரை நாளும்

நம்பர் இல்லையென்றால் நாமே ஒரு அடையாளத்தை ஃபர்ம்வேரில் எழுதிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஃபார்மட் அடித்தாலும் அழியாத ஒரு சின்ன இடம் அங்கே உண்டு. நாங்கள் மெஷினில் போடுகிற லினக்ஸில் கெர்னல் அதை ஒரு ஃபோல்டராகக் காட்டும், ஆனால் உள்ளே இருக்கிற ஃபைல்களை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டித்தான் காட்டும். நம் அடையாளத்தை மட்டும் தொடுகிற ஒரு குட்டிப் புரோகிராமைத் தனியாக எழுதிக்கொள்ளலாம், அதற்கு நாலு நாள் வேண்டும் என்றாள் எஸ்தர்.

நாலு நாள் என்றால் எனக்கு இரண்டு என்று கேட்கும், வாயைத் திறந்தால் அரை என்று வரும். அரை நாளில் முடிக்க வைத்தேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் அந்தப் பூட்டு மொத்தமும் திறந்துகொள்ளும். நம் புரோகிராம் இருக்கும் இடத்திலேயே அந்த ஃபோல்டருக்கு ஒரு வழி. பாஸ்வேர்டு கேட்டு அடிக்கடி போன் வருகிறதே என்று ஆபரேட்டருக்கும் முழு அதிகாரம். எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு எஸ்தர் பையை மாட்டிக்கொண்டாள்.

“அரை நாள்ல முடிச்சுட்டேன்க்கா. மிச்ச மூணரை நாளை என்னைக்கு உக்காந்து அழப் போறோம்னுதான் தெரியல.”

துடைத்தது

காலண்டர் சீசனில்தான் ஆயுத பூஜை வரும். எங்கள் ஊர் அச்சாபீஸ்களில் முதல் நாளே மெஷினையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். பூஜையன்று எதையும் ஓட்டுவதில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்து முதலாளி கையால் சுவிட்ச் போடுவார். எங்கள் புரோகிராமை வாங்கிய ஒரு ஆபீஸிலும் அப்படித்தான் போட்டார். ரோலர் சுற்றியது, கட்டிங் மெஷின் ஓடியது. பிளேட் மெஷினை ஓட்டுகிற ஒரே கம்ப்யூட்டர் மட்டும் கறுப்பாக நின்றது. ஆன் ஆனதும் வருகிற கம்பெனிப் படம் வரவில்லை, ஒரு சத்தம் இல்லை.

நான் போய் ரேமை மாற்றினேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன். பிணத்துக்குத் தலை வாரிவிட்ட மாதிரிதான் இருந்தது. அந்த ஆபீஸ் பிளேட் ஆபரேட்டர் மாரியப்பன் அண்ணன். இருபது வருஷ சர்வீஸ், ஒரு துரும்பை வீணாக்காத மனுஷன். “அண்ணே, இதுல என்ன செஞ்சீக?” என்றேன். திரையில் வைத்த சந்தனப்பொட்டைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வெளிய தொடச்சேன், உள்ளயும் தொடச்சேன் தாயி. நீ போட்ட புரோகிராம் பக்கத்துல ஒரு ஃபோல்டரு, அம்புட்டும் வாயில நொழையாத பேரு, குப்பைன்னு மொத்தமா அழிச்சுட்டேன்.”

கத்தாத முதலாளி

அந்தக் குப்பைதான் போர்டு எழுந்திருப்பதற்கு வேண்டிய விவரம். இதை முதலாளியிடம் சொல்ல வேண்டும். மதுரை ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர் ஆர்டர், பாதி பிளேட்டோடு நிற்கிறது. திட்டினால் திருப்பித் திட்டிப் பழகியவள் நான், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் எனக்கு டீ சொன்னார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

“ஏம்மா, பன்னெண்டு பேரு மெஷின்கிட்ட சும்மா நிக்காக. நாளன்னைக்கு லோடு ஏத்தலைன்னா அந்தக் கடைக்காரரு மறுபடி என் படி ஏற மாட்டாரு. கத்தாமச் சொல்லு, இது வருமா வராதா?”

கேட்டுக்கு வெளியே

எஸ்தர் ஒரு வழி சொன்னாள். அதே மாடல் போர்டு இன்னொன்று உயிரோடு கிடைத்தால், ஃபர்ம்வேர் இருக்கிற சிப்பில் கிளிப்பைக் கவ்வவிட்டு நகல் எடுத்து, செத்ததில் எழுதிவிடலாம். ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸுக்கு அதே மாடலை நான்தான் விற்றிருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பறந்தோம்.

கேட்டில் நிறுத்தினார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லேப்டாப் உள்ளே வரக்கூடாது. “நான் வெடிமருந்து ரூமுக்கா போறேன்? ஆபீஸுக்குத்தானய்யா போறேன்! என் மெஷினு அது!” என்று குதித்தேன். வாட்ச்மேன் நோட்டை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எஸ்தர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வேலை பாக்கவுகளையே நாங்க கிடங்குக்குள்ள விடுறதில்லம்மா. என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்தாந்து கையில குடுக்கோம். நீங்க எதுக்கு உள்ள?”

என் பூட்டு

பெட்டியைக் கேட்டுக்கே தூக்கி வந்து கொடுத்தார்கள். வாட்ச்மேன் ரூமில் வைத்தே நகல் எடுத்தோம். சிவகாசி வந்து செத்த போர்டில் எழுதினோம். கம்பெனிப் படம் வந்தது. பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். முதலாளி கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தார்.

அடுத்த நிமிஷம் எங்கள் புரோகிராம் திறக்க மாட்டேன் என்றது. இது இந்த ஆபீஸ் மெஷினே இல்லை, பட்டாசுக் கம்பெனி மெஷினாம்! நகலோடு சேர்ந்து, விற்கிற மெஷினிலெல்லாம் நாங்கள் எழுதிவிடுகிற அடையாளமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் காசு வாங்கி விற்ற புரோகிராம், என்னைத் திருடி என்று சொல்கிறது. கீபோர்டைத் தூக்கி அடிக்கப் போனேன், எஸ்தர் பிடுங்கிக்கொண்டாள். பூட்டையே கழற்றிவிட்டுத்தான் பிளேட் அடித்தோம். மாரியப்பன் அண்ணன் முதல் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வச்சவளையே உள்ள விடல பாத்தியா தாயி, பூட்டுன்னா இப்படில்ல இருக்கணும்.”

பரீட்சை

லோடு சொன்ன நாளில் போய்விட்டது. அதன்பிறகு எஸ்தர் நாலு நாளையும் எடுத்துக்கொண்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எங்கள் புரோகிராமுக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. குட்டிப் புரோகிராம் ஒன்று எஸ்தர் தன் கையால் திருத்தி எழுதிய அந்த ஒரே அடையாளத்தைப் படித்துச் சொல்லும், அதோடு சரி, எழுதாது. கெர்னல் போட்ட பூட்டு அதன் இடத்திலேயே இருக்கிறது. ஆபரேட்டருக்குக் கொடுத்த முழு அதிகாரமும் போயிற்று.

முதலாளி நம்பவில்லை. “வாயால சொன்னா ஆச்சா? என் கண்ணு முன்னால அழிங்க பாப்போம்” என்றார். ஃபோல்டர் இருக்கிற இடத்தை எஸ்தர் தேடிக் காட்டினாள். மாரியப்பன் அண்ணன் மவுஸைத் தொடவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளியே உட்கார்ந்து, மொத்தத்தையும் தேர்வு செய்து, அழி என்று அமுக்கினார். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி அதுவே. மூன்றாம் தடவை கோபமாக அமுக்கினார். அணைத்துப் போட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து நின்றது. முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இந்த ஆபீஸ்ல என் பேச்சைக் கேக்காத ஒரே ஆளு இதுதாம்மா. சம்பளமே போட்டு வச்சுக்கலாம்.”

நம் தொழிலில் விற்கிறதிலேயே உருப்படியான சரக்கு ‘முடியாது’ என்கிற அந்த ஒரு சொல்தான். அதற்கு மட்டும் என்ன விலை சொல்லி ஆரம்பிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.