கிரேஸின் நூல் சேலைகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனதுகூட மனைவிக்காகத்தான். இதைப் படித்துவிட்டு என் பழைய மாணவர்கள் கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். என் மனைவி கிரேஸ் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தீக்காய வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த நர்ஸ் அவள். சென்னையிலிருந்து மகள் போன் செய்யும்போதெல்லாம், “அம்மா பீரோவை இன்னும் ஒதுக்கலையாப்பா? பூட்டியே வச்சிருந்தா பூச்சி அரிச்சிரும், யாருக்காவது குடுங்க” என்பாள். ஆவணி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சரி என்று எல்லாச் சேலைகளையும் எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் குழப்பமில்லை. காலையில் எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போகிறவள் மாரியம்மாள். கிரேஸ் அவளுக்கு எப்போதும் நூல் சேலைதான் கொடுப்பாள். மருந்து அறைக்குள் பாலியெஸ்டர் துணி கூடாது, உரசினால் பொறி வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சீப்பையும் காகிதத் துண்டுகளையும் வைத்து வகுப்பில் இதைத்தானே நடத்தினேன்.

ஆனால் அந்த நூல் சேலைகளில்தான் கிரேஸின் வாசனை இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. கல்யாணத்துக்குக் காட்சிக்கு என்று அவள் கட்டிய பாலியெஸ்டர் பூனம் சேலைகள், வழுவழுவென்று, புதிதுபோல மின்னின. அவற்றைப் பையில் வைத்தேன். வேலைக்கா கட்டப்போகிறாள், விசேஷத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பினால், பையில் நூல் சேலைகள் இருந்தன. பூனம் சேலைகள் பீரோவுக்குள் இருந்தன.

வயதாகிவிட்டது, நான்தான் மாற்றி வைத்திருப்பேன் என்று நினைத்து, மறுபடி மாற்றினேன். வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தாழிட்டுத்தான் இருந்தது. கட்டிலில் பை மறுபடியும் நூல் சேலைகளோடு இருந்தது. நம்பினால் நம்புங்கள், இந்தத் தடவை அவை நான்கு முனையும் ஒட்டி, ஆஸ்பத்திரி விரிப்பை மடிப்பதுபோல மடித்திருந்தன. எனக்குச் சேலை மடிக்கவே தெரியாது, சுருட்டித்தான் வைப்பேன்.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. “விடு கிரேஸ், இதையாவது எனக்கு விடு” என்று வாய்விட்டே சொன்னேன். பீரோவிலிருந்த பூனம் சேலைகளைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். ஒரு கணம்தான், பிறகு விட்டுவிட்டார்கள். சடசடவென்று சத்தம், கையில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன, என் விரலுக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு பொறி துள்ளியது. வறண்ட காற்றில் பாலியெஸ்டர் அப்படித்தான் செய்யும் என்று வாத்தியார் மூளை உடனே பதில் சொல்லிவிட்டது. பூனம் சேலைகளையே பையில் போட்டுக் கட்டி வாசலருகே வைத்தேன். நூல் சேலைகளை மேல்தட்டில் அடுக்கிப் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை மாரியம்மாள் பையைப் பிரித்துப் பார்த்தாள்.

“ஆத்தாடி, என்ன சார் இம்புட்டுப் பளபளப்பு! சிஸ்டரம்மா நூலுதான தருவாக. இதக் கட்டிக்கிட்டு நடந்தா எங்க வீட்டுக்காரரு முதலாளியம்மான்னு நெனச்சு வணக்கம் போட்டுருவாரு.”

சிரித்துக்கொண்டே போனாள். வேலைக்குக் கட்டாதே என்ற சொல் என் வாய்வரை வந்தது. சொன்னால், அப்படியானால் நூல் சேலையைத் தரவேண்டியதுதானே என்று கேட்டுவிடுவாளோ என்று விழுங்கிவிட்டேன்.

தீபாவளி ஆர்டர் சூடுபிடித்திருந்த நேரம். ஒரு மத்தியானம் சன்னல்கள் அதிர்ந்தன. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் பார்ப்போம். நாரணாபுரம் பக்கம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாரியம்மாளின் கணவன் கருப்பசாமி செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

“சார், ஆஸ்பத்திரியில பழைய நூல் துணி கேக்காக. மேல ஒட்டாம மெத்துன்னு இருக்கணுமாம். சிஸ்டரம்மா சேலை கெடந்தாக் குடுங்க சார்.”

“எம்புட்டுப்பா வேணும்?”

“இருக்கிறதெல்லாம் குடுங்க. உடம்பு பூரா வெந்துபோச்சு சார்.”

சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு சேலைகூட முழுதாக இல்லை. எல்லாமே ஒரே அளவுத் துண்டுகளாகக் கிழித்து, நான்கு முனையும் ஒட்டி மடித்து அடுக்கியிருந்தது.

“கிழிச்சே வச்சிருக்கீகளா சார்?” என்றான் கருப்பசாமி.  அள்ளி அவன் கையில் கொடுத்தேன்.

மாரியம்மாள் சில நாட்கள்தான் இருந்தாள். விசாரணைக்கு வந்தவர்கள் உராய்வு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், சேலையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கருமாதி முடிந்தபிறகு நானே கருப்பசாமியின் வீட்டுக்குப் போய்ச் சேலை விஷயத்தைச் சொன்னேன். 

“சீசன்ல நூல் சேலையத் தொவைக்க நேரமில்ல சார். அன்னைக்கு நீங்க குடுத்த சேலையக் கட்டிக்கிட்டுக் கெளம்புனா. கம்பெனிக்கு இது ஆகாதேடின்னு நான் கேட்டேன். வாத்தியார் குடுத்தது, அவுகளுக்குத் தெரியாததான்னு சொல்லிட்டுப் போனா.”

அதற்குமேல் அவன் என்னிடம் பேசியதில்லை.

இன்னொன்றை நான் அவனிடம் சொல்லவில்லை. கிரேஸ் துணி கிழிக்கக் கத்தரி தேடமாட்டாள். கரையைப் பல்லால் கடித்து ஒரு கீறல் விட்டு, சர்ரென்று இழுப்பாள். அன்று அந்தத் துணிகளைக் கொடுத்தபோது ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் கடித்த இடம் என் விரலில் பட்டது. துணி முழுக்கக் காய்ந்திருந்தது, அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.