மூன்று தட்டு கண்ணுக்கு, ஒரு தட்டு கைக்கு

1981, ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு மாமனாரின் ஏலக்காய்க் கிடங்கில் பெண்கள் பன்னிரண்டு பேர் வேலைக்கு அமர்ந்தனர். எட்டே காலுக்கு டேப் ரிக்கார்டர் போடப்பட்டது. ஒரே கேசட்டின் ஒரே பக்கம் நான்கு முறை ஓடியது. பதினொன்றரைக்கு அன்றைய மூட்டைகள் முடிந்தன. வழக்கமாக மாலை நான்கு ஆகும். பன்னிரண்டுக்கு மாமனார் வந்து குவியல்களைச் சோதித்தார். பன்னிரண்டே காலுக்கு டேப் ரிக்கார்டர் நிறுத்தப்பட்டது. பிற்பகலில் மழை.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. போடிநாயக்கனூரில் கல்லூரி ஒன்றில் அப்போது கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நிகழ்ந்ததை மட்டும் எழுதுவது, நினைத்ததை எழுதாமல் விடுவது என்று ஒரு நெறி வைத்திருந்தேன். விட்டவற்றை இப்போது எழுதுகிறேன்.

டேப் ரிக்கார்டர் என் மைத்துனன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. உடன் ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் அரபி எழுத்து. ஏதோ ஒரு கடையில் பதிவு செய்து வாங்கியதாம். அதில் பாட்டு இல்லை, குரல் இல்லை. இயந்திர முரசு ஒன்று ஒரே சீராக அடித்துக்கொண்டே போகும். அதன் மேல் மின்னணுக் கருவி ஒன்று நான்கைந்து சுரங்களைத் திரும்பத் திரும்ப உதிர்க்கும். அவன் விடுப்பு முடிந்து போனதும் என் மனைவி அதைத் தனதாக்கிக்கொண்டாள்.

எனக்கு முறைப்படி மிருதங்கம் கற்ற ஐந்தாண்டுப் பயிற்சி உண்டு. அந்தத் தகுதியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தீர்ப்புச் சொன்னேன்: இது கேட்பதற்கான இசை அல்ல, இயந்திரத்தின் நாடித்துடிப்பு.

"நாடி துடிக்குதுன்னா உசுரோட இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் அவள். "நீங்க மொதல் வரியக் கேட்டுட்டு மிச்சத்த உங்க மனசுக்குள்ளயே வாசிச்சுக்கிறீங்க. அது கேக்குறது இல்ல." பிறகு ரசம் ஊற்றினாள்.

மாமனாரின் கிடங்கில் காய் பொறுக்கும் வேலைக்கு அவள்தான் மேற்பார்வை. மலையிலிருந்து உலர்ந்து வரும் ஏலக்காயைப் பெண்கள் கைப்பிடி கைப்பிடியாக முறத்தில் பரப்பி, வெடித்ததையும் சொத்தையையும் எடுத்துப் போட்டுவிட்டு, பச்சை மாறாத முழுக்காயை மட்டும் குவிப்பார்கள். தன் கணக்கப்பிள்ளை எவ்வளவோ முணுமுணுத்தும் மாமனார் அந்தப் பொறுப்பை மகளுக்கே கொடுத்திருந்தார். வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கேதான் அந்த டேப் ரிக்கார்டர் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த ஞாயிறு எனக்கு விடுமுறை, நானும் போயிருந்தேன். முரசு தொடங்கியதும் பன்னிரண்டு பேரின் கைகளும் அதனோடு சேர்ந்துகொண்டன. ஓர் அடிக்கு ஒரு காய். அடி தவறவில்லை, கையும் தவறவில்லை. எவரும் வெற்றிலைக்குக்கூட எழவில்லை. பதினொன்றரைக்கு வேலை முடிந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மனைவியின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை மாமனார் வரும் வரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கழிவுக் குவியலில் கைவிட்டார். பச்சைப் பசேலென்று முழுக்காய்கள் வந்தன. நல்ல குவியலில் கைவிட்டார். வெடித்தவை சிரித்தன. நடந்தது இதுதான்: அடிக்கு ஒன்று எடுத்தாக வேண்டும் என்று கைக்கு ஆகிவிட்டது. எடுக்க வேண்டிய காய் இல்லாத அடியிலும் கை ஏதோ ஒன்றை எடுத்தது. கண்ணுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"வெரசா முடிச்சுட்டீகளே ஆத்தா, சந்தோசம்," என்றார் மாமனார். "இனி இத்தனையும் திருப்பிக் கொட்டிப் பொறுக்கணும். இதுக்குப் பேரு சோலியா?"

"கை பழகலப்பா. ஒரு வாரம் குடுங்க."

"பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போ. அதுகூட நீயும் வீட்ல இரு. கணக்கப்பிள்ள பாத்துக்கிடட்டும்."

அவள் பெட்டியை எடுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே நின்றாள். அந்த நிற்றலைத்தான் மாமனாரால் தாங்க முடியவில்லை போலும். என் பக்கம் திரும்பினார். "சரி, மாப்ள படிச்சவரு. வர்ற ஞாயித்துக்கெழம அவரு இங்கன உக்காந்து முழுசாக் கேக்கட்டும். இது மனுசன் கேக்குற சமாச்சாரம்தானா, வேலைக்கு ஆகுமான்னு அவரே சொல்லட்டும். ஆகாதுன்னாருன்னா ஆகாது."

வீட்டில் நான் ஏற்கெனவே சொல்லியிருந்த தீர்ப்பு அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பாடு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்று மட்டும் எனக்குப் பட்டது, அதைச் சொன்னபோது, "லஞ்சம் குடுக்கிறேன்னு நெனச்சீங்களா? கத்தரிக்கா நல்லாருக்கு, அவ்வளவுதான்," என்றாள்.

மறு ஞாயிறு எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பெட்டியைப் போடுமுன் மனைவி பெண்களிடம் புதிய முறையைச் சொன்னாள். "மூணு தட்டு கண்ணுக்கு. நாலாவது தட்டுதான் கைக்கு. மூணு தட்டு பாத்தும் எடுக்க ஒண்ணும் இல்லன்னா, எதையும் எடுக்காத. மொறத்த ஒரு தட்டு தட்டு, போதும்."

முரசு தொடங்கியது. முதல் சில நிமிடங்கள் நான் எதிர்பார்த்தபடியே கழிந்தன. அடுத்த சுற்றை மனத்துக்குள் முன்கூட்டியே வாசித்து முடித்து, அது வந்து சேரும் வரை சலித்துக் காத்திருந்தேன். அப்போது என் அருகில் இருந்த ராசிங்காபுரத்து அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாத்தியாரய்யா, இப்பத் தவள வரும் பாருங்க," என்றார்.

வந்தது. தாழ்ந்த சுரத்தில், முரசுக்கு அடியில், ஒரு கரகரப்பு. நான் அதை அதுவரை கேட்டதே இல்லை.

"அடுத்து ஜீப்பு," என்றார் எதிரில் இருந்தவர். "குரங்கணி ஏத்தத்துல கியர் மாத்துற மாதிரி ஒரு இழுப்பு."

"அது ஜீப்பு இல்லக்கா, உன் மாமியா கொறட்ட," என்று ஒரு குரல். கிடங்கு குலுங்கியது, அப்போதும் நாலாவது தட்டுக் கை தவறவில்லை.

அந்த ஒரு பக்கத்தில் இருந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்கள் முந்தின ஞாயிறே பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரம் காய்களில் மாறுபட்ட ஒன்றைக் கண்டெடுப்பது அவர்கள் தொழில். அதே பொறுமையோடு காதாலும் பொறுக்கியிருந்தார்கள். எல்லாம் ஒன்றேதான் என்று நான் ஒதுக்கியதில் அவர்களுக்கு ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஐந்தாண்டு மிருதங்கம் எனக்குக் கற்பித்திருந்தது அடுத்ததை எதிர்பார்ப்பது. அங்கே தேவைப்பட்டது இப்போது ஒலிப்பதற்கு மட்டும் காது கொடுப்பது.

இன்னொன்றும் கவனித்தேன். காய் சுத்தமாக ஆக ஆக, எடுப்பதற்கு ஏதும் இல்லாத முறங்கள் கூடின. நாலாவது அடியில் எழும் தட்டும் வலுத்தது. மனைவி ஒருவர் முறத்தையும் எட்டிப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, எந்த மூலையிலிருந்து தட்டு வரவில்லை என்று கேட்டு, அந்தப் பக்கம் மட்டும் நடந்து போனாள்.

மாமனார் நான்கு மணிக்கு வந்தார். வேலை வழக்கமான நேரத்துக்குத்தான் முடிந்திருந்தது. கழிவில் கைவிட்டார், நல்லதில் கைவிட்டார், இன்னொரு முறை, இன்னும் ஆழத்தில். கையை உதறிக்கொண்டு, "சொல்லுங்க மாப்ளே," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு ஆகும் மாமா. கேட்பதைப் பொறுத்தவரை..." என்று தொடங்கி, சற்று நிறுத்தி, "எனக்குச் சலிக்கவில்லை," என்றேன்.

"ஆகும்னு ஒத்த வார்த்தையில சொல்லாம மாப்ள சுத்தி வளைக்கிறாரு," என்றார் மாமனார். "கெடக்கட்டும். பெட்டியும் இருக்கட்டும், நீயும் இரு ஆத்தா." கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஏதோ தேடத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்: "சலிக்கலன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தமா?"

"சலிக்கவில்லை என்றுதான் அர்த்தம்."

"நல்லாருக்குன்னு சொன்னா வாய் வெந்துருமா?"

அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் நான் வேறு வேறு சொற்களில் நழுவினேன்: ஒழுங்கானது, கவனத்துக்குரியது, எதிர்பார்த்ததைவிட மேல். அந்த ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருப்பது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று நம்புகிறேன்.

இந்தத் தை மாதம் அவள் இறந்தாள்.

சென்ற வாரம் ஒரு முற்பகலில், தனியாக, கேசட்டின் அந்தப் பக்கத்தை முழுவதும் கேட்டேன். பன்னிரண்டு பேர் இல்லாமல், வேலை இல்லாமல், வெறும் கேட்பதற்காகவே அது தாங்குமா என்பதுதான் நான் எப்போதும் ஒத்திவைத்த கேள்வி. தாங்குகிறது. திரும்பத் திரும்ப வருவதால் அது ஒன்றையும் இழக்கவில்லை. அடுத்தது என்ன என்ற அவசரம் எனக்கு இல்லாதபோது அது நிறையவே தருகிறது. நன்றாக இருக்கிறது.

செய்யாமல் விட்டவை:

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை அவளிடம் சொல்வது.

கேசட்டின் மறுபக்கத்தைக் கேட்பது.

தாளில் உள்ள அரபி எழுத்தை யாரிடமாவது காட்டி, வாசித்தவர் பெயரைத் தெரிந்துகொள்வது.

டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட்டை மாற்றுவது, தளர்ந்திருக்கிறது.