பிரிக்காத பொட்டலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் பௌதிக வாத்தியாராக இருந்தேன். நான் நடத்திய பாடம் எந்த மாணவனுக்காவது விளங்கியதாகத் தடயம் ஏதும் இல்லை. ஆனால் சீசன் மாதங்களில் எனக்கு வேறொரு மவுசு உண்டு. வெயிலுக்குப் பயந்து மலையேறி வரும் பெரிய மனிதர்களின் பங்களாக்களில் சாயங்காலம் கூட்டம் கூடும். கொஞ்சம் தியானம், கொஞ்சம் உபநிஷதம், கொஞ்சம் கேக். ஒரு விஞ்ஞானி வந்து பேசினால் சபை களைகட்டும் என்று யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் விஞ்ஞானி இல்லை, ஆய்வுக்கூடத்தில் பியூஸ் கட்டுகிறவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேக் வந்துவிட்டது.

நான் பேசியது இதுதான். எலெக்ட்ரான் என்று ஒரு துகள். எதிரே இரண்டு வாசல் வைத்த சுவர். எந்த வாசல் வழியாகப் போகிறது என்று நாம் பார்த்தால் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் போகும். பார்க்காமல் விட்டால் இரண்டின் வழியாகவும் போனது போல நடந்துகொள்ளும். ஆக, பார்க்கிறவன் வந்து பார்க்கும் வரைக்கும் சங்கதி முடிவாகவில்லை. அந்தப் பார்க்கிறவன் யார்?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்ப்பேன். சபை பெருமூச்சு விடும். "ஆன்மா" என்று யாராவது முணுமுணுப்பார்கள். நான் ஆமென்றும் சொல்ல மாட்டேன், இல்லையென்றும் சொல்ல மாட்டேன். ஒரு புன்னகை மட்டும். பேச்சோடு சேர்த்து அதையும் வீட்டில் சவரக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். திரும்பி வந்ததும் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: இன்றைக்கு எத்தனை துண்டு?

பழனியில் அவளுடைய அண்ணனையும் நான் விட்டுவைக்கவில்லை. மலையடிவாரத்தில் விபூதியும் காவடிச் சாமான்களும் விற்கும் கடை அவருக்கு. லீவுக்குப் போனபோது சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து எலெக்ட்ரானை முழுதாக அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது நம்ம கடைப்பய மாதிரில்ல இருக்கு மாப்ளே. நான் பாத்தா கல்லாப்பக்கம் நிப்பான். பாக்கலைன்னா டீக்கடையிலயும் இருப்பான், சினிமாக் கொட்டாயிலயும் இருப்பான்" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. அடுத்த சீசனில் அந்தக் கடைப்பயல் உவமையை என் சொந்தக் கற்பனை போலச் சொன்னேன்.

அந்தச் சீசன் முடிந்து மழை பிடித்தபோதுதான் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சந்தையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம் உண்டு. நடுவில் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் நிற்பாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் நின்று அந்த மலைக்கு இந்தப் பெயர், இந்த மலைக்கு அந்தப் பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கையைக் காட்டி என் பேச்சை நிறுத்தச் சொன்னாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வயதானவர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இவளுடைய இருதயத்துக்குள் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத்துக்குள் விரலை விட்டு அதை விரித்துவிடுகிறார்களாம். விரலா என்று கேட்டேன். விரல்தான் என்று தன் ஆள்காட்டி விரலைக் காட்டினார். நிறையப் பேர் பிழைத்து வருகிறார்கள், சிலர் மேசையை விட்டு எழுவதில்லை, செய்யாமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும். இவள் எந்தப் பக்கம் டாக்டர் என்று கேட்டேன். அந்தக் கணக்கு கூட்டத்தைப் பற்றியது, அதிலுள்ள ஒருத்தியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்றார்.

இதே வாக்கியத்தை நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு ரேடியம் இருக்கிறது, குறிப்பிட்ட காலத்தில் அதில் பாதி அணுக்கள் சிதைந்து போகும். எந்த அணு போகும், எது நிற்கும்? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த அணுவுக்கே தெரியாது பையன்களே என்று சாக்பீஸை மேலே எறிந்து பிடிப்பேன். அன்றைக்கு டாக்டர் முன்னால் என் கைகள் இரண்டும் தொடைக்கடியில் இருந்தன.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழவில்லை. யூகலிப்டஸ் மரத்தடியில் வழக்கம் போல நின்றாள்.

"சாகுறதுக்கு எனக்குப் பயமில்லைங்க. மயக்க மருந்து குடுப்பாங்கள்ல, அப்ப நான் எங்க இருப்பேன்?"

தூங்குகிற மாதிரிதான் என்றேன்.

"தூங்குறப்பக் கனவு வருது. பேரச் சொன்னா முழிக்கிறேன். நெஞ்சப் பொளந்தாலும் முழிக்க மாட்டேன்னா அது எப்படித் தூக்கமாகும்? பாக்குறவன் யாருன்னு பங்களாவுல கேட்டீங்களே, அவன் அந்நேரம் எங்க போவான்?"

எனக்குப் புன்னகைகூட வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன், ஏதோ பஸ் நேரம் விசாரிக்கிறவன் போல. பள்ளி நூலகத்தில் தேடினேன். பௌதிகப் புத்தகங்களில் இந்தக் கேள்வியே இல்லை. ஆன்மிகப் புத்தகங்களில் பதில் இருந்தது, ஆனால் ஏழெட்டுப் பதில்கள், ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

முருகனிடம் கேட்டுவிடலாம் என்றாள். அவர்கள் வீட்டில் கல்யாணமோ கிணறு வெட்டோ எதுவானாலும் பூக்கட்டிப் பார்க்காமல் நடக்காது. ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி நாரால் கட்டி, சந்நிதியில் வைத்து வாங்கி, விஷயம் அறியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. நான் மறுக்கவில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார், பௌதிகமும் கைவிரித்துவிட்டது. முருகனுக்கு ஆறு ஜோடிக் கை என்று ஒரு சமாதானம்.

பழனியில் படியேற அவளால் முடியாது. டோலியில் போகலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இப்பவே பழக வேணாம்ணே" என்றாள். அடிவார மண்டபத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம். பாதி மலையில் எனக்கு வாங்கிய மூச்சைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் யாருக்கு மாப்ளே என்று கேட்டார்.

மேலே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஓர் அம்மாள் எங்களுக்காக ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. மச்சான் அதை என் கையில் கொடுத்து, பிரிக்கக் கூடாது, தங்கச்சிதான் பிரிக்க வேண்டும் என்றார். மற்றதை அங்கேயே விட்டுவிட்டோம்.

இறங்கும்போது அது என் உள்ளங்கையில் ஒரு வெற்றிலை மடிப்பைவிடச் சின்னதாகக் கிடந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினால் நிறம் தெரிந்துவிடும். தெரிந்தால்? அடிவாரத்துப் பூக்கடையில் இரண்டு நிறமும் கிடைக்கும், மாற்றிக் கட்டிவிடலாம். ஆனால் எதை வைத்துக் கட்டுவது? வெள்ளை வைத்து அவள் மேசையிலேயே போய்விட்டால்? சிவப்பு வைத்து என் கண்முன்னே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போனால்? ஏமாற்றுவதற்குக்கூட எனக்கு ஓர் அபிப்பிராயம் இல்லை. மச்சான் படியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அவள் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரிக்கப் போகிறாள் என்று நாங்கள் குனிந்தோம். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பாக்காத வரைக்கும் ரெண்டும் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்ச நாளைக்கு ரெண்டும் இருக்கட்டும்."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கடைப்பயல் கல்லாவில் கை வைத்திருந்தாலும் அவனை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் மலைக்குத் திரும்பினோம். பொட்டலம் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. தினமும் அதற்கும் சேர்த்து விளக்கேற்றினாள், மாத்திரையை விழுங்கினாள், முன்னைவிடச் சந்தோஷமாகக்கூட இருந்தாள். மூச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. யூகலிப்டஸுக்கு முன்பே இன்னொரு இடம் நிற்பதற்கு முளைத்தது. வடக்கே இடம் கேட்டு வைத்திருந்த டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு பூவின் நிறத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் கட்டியதை நானே இடிக்க வேண்டியதாயிற்று. எலெக்ட்ரான் விஷயம் வேறு, அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, பூ பெரியது, பெரிய சாமான்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று ஆரம்பித்தேன். பங்களாவில் இதைச் சொல்லவில்லையே என்றாள். அங்கே கேக் கொடுத்தார்கள் என்றேன். சிரித்தாள், இருமினாள், தண்ணீர் கொடுத்தேன்.

"அப்ப இதுக்குள்ள என்ன நெறம்னு ஏற்கெனவே முடிவாயிருச்சுங்கிறீங்க."

ஆமாம் என்றேன்.

"யாரு முடிவு பண்ணுனது?"

அந்த மொட்டை அம்மாள் என்று சொல்ல வந்தேன். அவளை அந்தப் பக்கம் கைநீட்ட வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்றேன். அடுப்பு எரியவில்லை.

கடைசியில் மச்சானுக்குச் சொல்லியனுப்பினேன். பஞ்சாமிர்த டப்பாவோடும் கழுத்தைச் சுற்றிய மப்ளரோடும் வந்து இறங்கினார். பகுத்தறிவும் பக்தியும் ஒரே கட்சியில் சேர்ந்து ஒரு நோஞ்சான் பெண்ணை எதிர்த்தது அநேகமாக அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். நான் பிரி என்றேன். அவர், "சாமி வாக்குக் குடுத்துருக்கான். அதக் கேக்காம மூலையில போட்டு வச்சிருக்கியே, அவனுக்கு எப்படி இருக்கும்?" என்றார். அது அவளைத் தொட்டது. சரி என்று பொட்டலத்தை எடுத்து வந்து நாரை அவிழ்த்தாள்.

கொடைக்கானல் மழைக்காலத்தில் உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பற்றாது, பூட்ஸுக்குள் காளான் முளைக்கும். பௌதிகம் படித்த எனக்கும் இது தோன்றவில்லை, பூக்கடைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த அவருக்கும் தோன்றவில்லை. இலைக்குள் கறுப்பாக, கூழாக, மேலே சாம்பல் பூஞ்சையோடு என்னவோ கிடந்தது. அது வெள்ளையாகவும் இருந்திருக்கலாம், சிவப்பாகவும் இருந்திருக்கலாம். மச்சான் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். நான் ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். வெள்ளை என்றார். நான் சிவப்பு போல இருக்கிறது என்றேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தோம். இப்போது அவர் சிவப்பு என்றார், நான் வெள்ளை என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டி, சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். எங்களுக்குப் பயமாக இருந்தது. அடங்கியதும் இலையை மடித்து அண்ணன் கையில் கொடுத்து, ரோஜாச் செடிக்கு உரமாகப் போடச் சொன்னாள்.

"அவனும் தெரியலைங்கிறான். போவோம்ங்க. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன், எங்க இருந்தேன்னு."

போனோம். ஆபரேஷன் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது. செருப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றுதான் வாயில் வந்தது. கதவு மூடியது. பார்க்கிறவனே உலகத்தை முடிவாக்குகிறான் என்று பேசித் திரிந்தவனை, பார்க்க முடியாத பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மச்சான் முருகா முருகா என்றார். அவருடைய முருகாவுக்குப் பின்பாட்டுப் பாடினேன்.

பிழைத்தாள். ஆபரேஷன் செய்த டாக்டரின் விரல் நல்ல விரல். பேச்சு வந்து, கஞ்சி குடித்து, நர்சுகளைக் கேலி பண்ணும் அளவுக்குத் தேறிய பிறகு ஒருநாள் நானே கேட்டேன்: எங்கே இருந்தாய்?

தலையணையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தாள்.

"ஒண்ணுமே இல்லைங்க. கண்ண மூடுனேன், தெறந்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல. இருட்டுகூட இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள், பக்கத்து வீட்டில் ஆளில்லை என்பது போல. அவளுடைய பயம் அத்தோடு போய்விட்டது. அது எங்கே போனது என்று எனக்குத்தான் தெரியும். அடுத்த சீசனில் பங்களாவில் கூப்பிட்டார்கள். பார்க்கிறவன் யார் என்று கேட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினேன். எப்போதும் போல யாரோ ஆன்மா என்றார்கள். நான் தொண்டையைச் செருமிவிட்டு, ரேடியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கேக்கைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டு போனேன்.

இப்போதெல்லாம் அவள் சந்தையிலிருந்து நிற்காமல் ஏறி வருகிறாள், நான்தான் மரத்தடியில் நிற்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். அப்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இருமுகிறேன். நாற்காலியை இழுக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் ஒரு டம்ளரைக் கைதவறியது போலக் கீழே போடுகிறேன்.

"இங்கதான் இருக்கேன், சத்தம் போடாதீங்க" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. நான் டம்ளரை எடுத்துத் திரும்பவும் மேசை ஓரத்தில் வைக்கிறேன்.