தேவிகாபுரம் பஸ்ஸில் உருண்ட கிழங்கு

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில் நடந்தது இது.

நான் ஆரணியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்பில் தாவரங்களின் மாற்றுருக்கள் பாடம் வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர் என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் நிஜக் கிழங்குகளையே மேசையில் பரப்பி, எதில் முளைவிடும் கண் இருக்கிறது, எதில் இல்லை என்று தடவிப் பார்க்கச் சொல்வேன். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் உப்புப் போட்டு வேகவைத்து ஆளுக்கு இரண்டு துண்டு. அந்த இரண்டு துண்டுக்காகவே அன்றைக்கு ஒருத்தரும் லீவு போட மாட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தறி வீட்டில் பிறந்தவள். பட்டு நூலைத் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்வேன். ஆனால் வயல் வரப்பெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. செடிகொடி பற்றித் தெரிந்தது முழுக்கப் புத்தகத்தில் படித்தது. தாவரவியலில் பட்டம் வாங்கிய திமிர் மட்டும் நிறைய உண்டு.

அன்று சிநேகிதி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, மறுநாள் வகுப்புக்காகத் தேவிகாபுரத்திலேயே மூன்று கிலோ சர்க்கரைவள்ளி வாங்கினேன். பஸ் ஏறும் இடத்தில், சாலையை அகலப்படுத்துவதற்காக ஜேசிபி வைத்து வேலியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காய்ந்த கொடிகளுக்கு நடுவில் மண்ணோடு மண்ணாகச் சில கிழங்குகள் கிடந்தன. சில உடைந்தும் இருந்தன. காட்டுச் சர்க்கரைவள்ளி போலிருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுக் காட்டலாமே என்று சந்தோஷமாகப் பொறுக்கி அதே பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கை வரை சேறு. வயல் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். பாதி வழியில் ஒரு மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். என் பை கவிழ்ந்து கிழங்கெல்லாம் உருண்டன. அந்தப் பெண்தான் குனிந்து பொறுக்கித் தந்தார். தந்துகொண்டே வந்தவர், ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வாங்கனீங்க?"

"வாங்கலை. வேலியோரம் கெடந்தது. குடுங்க."

"இத்த இன்னா பண்ணப் போறீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ம்... வேகவச்சு ஸ்கூல் பசங்களுக்குக் குடுக்கப் போறேன். போதுமா?"

அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். "ஐயையோ, வோணாங்க! இது வெஷம். போன வருசம் எங்க ஆடு ரெண்டு இத்தத் தின்னுட்டு, மறுநாளைக்குள்ள ரெண்டும் போச்சி."

நான் விடுவேனா? "நான் சயின்ஸ் டீச்சர்ங்க. எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இன்னாம்மா அங்க பேஜாரு? கெழங்குக்கா சண்ட?" என்றார் கண்டக்டர். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கிழங்கையும் தரவில்லை. உடையாத அந்தக் கிழங்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏர்க்கலப்ப மாதிரி வளைஞ்சிருக்குது பாருங்க. கலப்பக் கெழங்குங்க இது. மழைக்காலத்துல வேலி மேல செகப்பும் மஞ்சளுமா, நெருப்புப் புடிச்சா மாதிரி ஒரு பூ பூக்குமே, அதோட கெழங்கு."

செங்காந்தள்! 'நமது மாநில மலர் எது?' என்று வருடா வருடம் ஒரு மதிப்பெண் கேள்வி கேட்பவள் நான். கிழங்கில் கொடிய நஞ்சு உண்டு என்பதும் கல்லூரியில் படித்ததுதான். பூவும் இல்லாமல், பச்சைக் கொடியும் இல்லாமல், வெறும் கிழங்காகக் கைக்கு வந்தபோது எனக்கு அது சர்க்கரைவள்ளி. நாற்பது பிள்ளைகளின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்தது.

"மொத்தம் எத்தினி எடுத்தீங்க?" என்று கேட்டார். ஆறா, ஏழா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பையை மடியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தார். ஆறுதான் இருந்தது. "சின்னக் கொழந்த யாராவது எடுத்து வாயில வச்சிட்டா?" என்றபடி சீட்டுக்கு அடியில் தவழ ஆரம்பித்துவிட்டார். நானும் பட்டுப்புடவையோடு பின்னாலேயே தவழ்ந்தேன். "கூட்ரோடு எறங்கறவங்க ஜல்தி வாங்க" என்று கண்டக்டர் விசிலடித்தார். அந்தப் பெண் இறங்க வேண்டிய இடம் அது. நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். ஏழாவது கிழங்கு பின் படிக்கட்டு ஓரத்தில் அகப்பட்டது.

"ஆழமா குழி நோண்டிப் பொதச்சிட்றேன்" என்று ஏழு கிழங்கையும் தன் துண்டில் முடிந்துகொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். வந்த வழியே அவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். "அட போங்க டீச்சரம்மா, பசங்க நல்லா இருந்தா போதும்" என்றார். பெயர்கூடக் கேட்காமல் விட்டேன், மடச்சி.

மறுநாள் வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னேன். கலப்பைக் கிழங்கு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டபோது, சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அப்போ நான் கொண்டாந்திருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க, இல்லையா?" என்றேன்.

கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து, "இல்ல மிஸ். நீங்க குடுத்தா நல்லதாத்தான் இருக்கும்னு சாப்ட்டுருப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து எதையும் அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, எனக்கு இது நிஜமாகத் தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு நிமிடம், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு பஸ் தரையில் தவழ்ந்த அந்தப் பெண் எனக்குக் கொடுத்தது.