சந்திராஷ்டமமும் முதல் டோஸும்

முப்பது வருஷமாக ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கிண்டல் செய்து எழுதிப் பெயர் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு ஏப்ரல் மாதக் காலையில், ஊசிக்குப் பயந்து, சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காலண்டர் சின்னது. நான் சின்ன உருவம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அதன் பின்னால் தாராளமாக இடம் இருந்தது.

கொரோனாவின் இரண்டாம் அலை அப்போது எங்கள் மயிலாப்பூர் தெருவுக்குள் நுழைந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் அந்தத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. கடல் கடந்து ஒரு குளிர் தேசத்தில் இருக்கும் எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

"அம்மா, அக்டோபர்ல நீ இங்க இருக்கணும். அதுக்குள்ள ரெண்டு ஊசியும் போட்டுண்டுடு. நாளைக்கு அதைக் கேக்காம உள்ள விடமாட்டா, பாரு" என்று வீடியோவில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் இருவருக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இடமும் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

வியாழன் நெருங்க நெருங்க எனக்குப் பயம் ஏறிக்கொண்டே போயிற்று. நான் நிறையப் படிக்கிறவன். ஊசி போட்டவர்களில் மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறைகிறது என்று எங்கோ படித்திருந்தேன். அபூர்வம் என்ற சொல்லைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். எனக்கு வராது. நான் கொஞ்சம் அபூர்வமானவன் என்று சின்ன வயதிலிருந்தே ரகசியமாக நம்பி வருகிறேன்.

போதாததற்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஊசி போட்ட கையில் ஸ்பூன் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசாமியின் படத்தை அனுப்பினார். நான் அதைக் கேலி செய்து இரண்டு வரி எழுதினேன். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் சமையலறைக்குப் போய் என் கையில் ஒரு ஸ்பூனை வைத்துப் பார்த்தேன். ஊசியே போடாத கை. ஸ்பூன் கீழே விழுந்தது. அதில் எனக்கு ஏன் அவ்வளவு ஆறுதல் என்று இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை காலை காபியோடு காலண்டர் முன்னால் நின்றேன். அன்றைய தாளைத் தூக்கி மறுநாள் தாளைப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் சந்திராஷ்டமம் என்று போட்டு, பக்கத்தில் என் நட்சத்திரம் இருந்தது. சந்திரன் நம் ராசிக்கு எட்டாம் இடத்தில் வந்து உட்காரும் நாள், அன்று புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது என்பார்கள். இந்தச் சமாசாரத்தைப் பற்றி மட்டும் நான் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். எதிலும் சந்திரனை முழுசாக வீட்டுக்கு அனுப்பியதில்லை.

"நாளைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்" என்றேன்.

மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "என்னது?"

"எட்டுல சந்திரன். ஒடம்புக்குள்ள புதுசா ஒண்ணை ஏத்திக்கற நாளா அது?"

"நீங்களா சொல்றேள்?"

"வயசாறதோல்லியோ."

அவள் தோசையை எடுத்து என் தட்டில் போட்டாள். "அப்படின்னா வேண்டாம். கேன்சல் பண்ணிடுங்கோ" என்றாள்.

அரை மணி நேர வாக்குவாதத்துக்குத் தயாராகப் போனவன் நான். ஒரே வாக்கியத்தில் விடுதலை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், இந்தக் கட்டை முப்பது வருஷம் கழித்தாவது வழிக்கு வந்ததே என்று மனசுக்குள் சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சந்திராஷ்டமம் எனக்குத்தானே, நீ மட்டும் போய் வாயேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போய், போட்டுக்கொண்டு, சௌக்கியமாகத் திரும்பி வந்து ரசம் வைத்தால், அப்புறம் நான் எதைச் சொல்லித் தப்பிப்பது? "அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்" என்றேன்.

அடுத்த வாரம் ஊர் வேறாகிவிட்டது. தெருவில் ஒவ்வொரு கதவாகக் கொரோனா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாலையில் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது என்னோடு சேர்ந்துகொள்வார். "நாலு பேர் போட்டுக்கட்டும் சார், பாத்துட்டுப் போட்டுக்கலாம்" என்று ஏப்ரல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே கூட நடந்தேன். மே மாதம் ஆம்புலன்ஸில் போனார். திரும்பி வரவில்லை. என் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவற்றை எழுதி அச்சில் பார்த்துவிட்டேன். அந்தத் தலையாட்டலை மட்டும் எழுத வரவில்லை. இப்போதும் ஒரு பத்திக்கு மேல் வரவில்லை.

ஊசியைக் கண்டு பயந்தவன் இப்போது ஊசி கிடைக்காதோ என்று பயந்தேன். காலையில் எழுந்ததும் செல்போனைத் தட்டுவதும், இடமில்லை என்று அது சொல்வதும், போட்டுக்கொண்டவர்களைப் பொறாமையோடு பார்ப்பதுமாக ஜூன் போயிற்று. ஜூலைக் கடைசியில்தான் மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் எங்கள் முறை வந்தது. மனைவி முதலில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு அடுத்த நாற்காலியில் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை இறுக்கி மூடியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், கண்ண மூடிக்கினு கீற? அந்தப் பொண்ணு இன்னும் ஊசியே எடுக்கல."

"சும்மாதான்."

"சும்மாவா? ஐஸ் பெட்டிக்குள்ள வெச்ச வவ்வா மீனு மாரி வெறச்சுப் போய்க் கீற. மூச்சு வுடு நைனா."

விட்டேன். அதற்குள் போட்டு முடித்திருந்தார்கள். ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கைவலி. இதற்குத்தான் நான்கு மாதம்.

கணக்குப் பார்த்தது அதற்குப் பிறகுதான். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் பன்னிரண்டு வாரம் இடைவெளி இருக்க வேண்டும் என்று அதற்குள் விதி மாறியிருந்தது. அப்படியானால் இரண்டாவது அக்டோபர் கடைசியில். மகளுக்கு நாள் குறித்திருந்தது அக்டோபர் நடுவில். செப்டம்பரில் மாப்பிள்ளை அந்த நாட்டு விதிகளை வீடியோவில் படித்துக் காட்டினார். இரண்டு ஊசியும் போட்டுப் பதினான்கு நாள் ஆனவர்கள் வந்து இறங்கியதும் சகஜமாக நடமாடலாம். மற்றவர்கள் தங்கும் வீட்டிலேயே ஒரு தனி அறைக்குள் பத்து நாள் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களோடுகூடக் கலக்கக் கூடாது.

"ஏப்ரல்ல போட்டுண்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை" என்றாள் மகள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் இரண்டாவது ஊசியைச் சீக்கிரம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடையாறில் ஒரு மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளம்பெண். பொறுமைசாலி.

"என்ன காரணம் சார்? படிப்பா, வேலையா, விளையாட்டுப் போட்டியா?"

"பொண்ணுக்குப் பிரசவம். அம்மா போகணும்."

"அது இல்லியே சார். மூணுதான் இருக்கு."

"பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் சமைச்சு, ராத்திரி முழிச்சு, குழந்தையைக் குளிப்பாட்டி... இதெல்லாம் வேலை இல்லையாம்மா?"

"வேலைதான் சார். எங்கம்மாவும் பண்ணாங்க. கம்பெனி லெட்டர் இருக்கா?"

இல்லை என்றேன். அவள் பாஸ்போர்ட்டில் இருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்தாள். "விளையாட்டுல போடலாம்னா, மேடம் எதாவது ஓடுவாங்களா சார்?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஊசி முடிந்து நவம்பரில் போகலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு அம்மா போகாமல் இருப்பது எங்கள் வீட்டில் யோசிக்கிற விஷயமே இல்லை. மனைவி டிக்கெட் எடுக்கச் சொன்னாள். குளக்கரைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கிச் சுக்கு, மிளகு, திப்பிலி, சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ எல்லாம் வாங்கி, பிள்ளை பெற்றவள் முதல் கவளத்துக்குப் பிசைந்து சாப்பிட வேண்டிய அங்காயப் பொடியை வறுத்து இடித்தாள். லேகியம் கிளறினாள். பெட்டியில் புடவையைவிட மருந்து அதிகம்.

குழந்தை பாட்டியைவிட அவசரக்காரி. ஒரு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டாள். மனைவி போய் இறங்கியபோது பேத்திக்கு மூன்றாவது நாள். வாசலில் முகக்கவசத்தோடு நின்று, மகள் தூக்கிக் காட்டிய துணி மூட்டையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நேரே மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் குடும்பங்களில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்து நாள் தீட்டு. யாரும் தொடாமல், யாரையும் தொடாமல் இருப்பதைப் பற்றி நாங்கள் அரசாங்கத்திடம் கற்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் அந்த வழக்கத்தில்கூட அம்மாக்காரி பிள்ளை பெற்றவள் பக்கத்தில்தான் இருப்பாள். இங்கே தலைகீழ். பணிவிடை செய்யப் போனவளுக்கு, பச்சை உடம்புக்காரியின் கணவர் மூன்று வேளையும் தட்டைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு இறங்கினார். அங்காயப் பொடி மட்டும் துடைத்த பாட்டிலில் கீழே போயிற்று. நெய் எவ்வளவு, பொடி எவ்வளவு என்று மனைவி மாடியிலிருந்து போனில் சொல்ல, மாப்பிள்ளை பிசைந்தார். முதல் நாள் மிளகாய்ப் பொடி என்று நினைத்து நல்லெண்ணெய் ஊற்றிவிட்டாராம். தினமும் ஒரு அதிகாரி போன் பண்ணி, அறைக்குள்தான் இருக்கிறீர்களா என்று விசாரிப்பார். "எங்கே போவேன், இங்கேதான் இருக்கேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அவள் ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தாள்.

பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம், பெயர் சூட்டல். மனைவிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. இங்கே மதியம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். எங்கள் வாத்தியார் என் வீட்டுக் கூடத்தில் செல்போன் முன்னால் உட்கார்ந்து மந்திரம் சொன்னார். திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் கீழ்த்தளம்: மகள், மாப்பிள்ளை, மடியில் குழந்தை. இன்னொன்றில் மாடி அறை: பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் தனியாக என் மனைவி. மாப்பிள்ளை குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த நானும், பதினாலு படி மேலே இருந்த அவளும் அதை ஒரே அளவில், கட்டை விரல் நகத்தளவில் பார்த்தோம். அவள் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

வாத்தியார் போன பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிவிட்டது.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சந்திராஷ்டமம்னேனே, அது சாக்கு. எனக்கு ஊசி போட்டுக்கப் பயம். அதனாலதான் நீ இப்ப மேல உக்காந்துண்டிருக்கே."

அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே குழந்தை அழுவது எனக்கும் மெலிசாகக் கேட்டது.

"இது பசி அழுகை இல்லை" என்றாள். "ஏப்பம் விடலை. பால் குடுத்த கையோட கிடத்திட்டா போலிருக்கு. தோள்ல போட்டுத் தட்டணும், அவளுக்குத் தெரியாது. வைங்கோ, கீழே பேசணும்."

வைத்துவிட்டாள். ஆறு மாதம் சுமந்த வாக்குமூலம் ஏப்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

இரண்டு நாளில் அவள் கீழே இறங்கினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குளிப்பாட்டும் படம் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதின்மூன்று நாள் குழந்தைக்கு முன்னால் ஒரு மூன்று நாள் குழந்தை இருந்தது, அவள் அதைத் தொட்டதே இல்லை. அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

பொங்கல் கழித்து ஊர் திரும்பினாள். போனில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாளா, காதிலேயே விழவில்லையா, அல்லது வேறு எதற்காவது சேர்த்து வைத்திருக்கிறாளா என்று தெரியாமல் இரண்டு வாரம் தேவைக்கு மேல் நல்லவனாக நடந்துகொண்டேன். கடைசியில் ஒரு நாள், அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது, நானே ஆரம்பித்தேன்.

"மாடியில இருக்கச்ச ஒண்ணு சொன்னேனே, கேட்டுதா?"

"பயமா இருந்ததுன்னேளே, அதானே? கேட்டுது."

"ஒண்ணுமே சொல்லலியே நீ."

"என்ன சொல்றது? எனக்கும்தான் பயமா இருந்தது. இவர் எதையாவது சொல்லி நிறுத்தமாட்டாரான்னு அந்த வாரம் பூரா பாத்துண்டிருந்தேன்." உரித்த நாரைக் காகிதத்தில் போட்டாள். "அதுக்காகச் சந்திரனையெல்லாம் கூப்பிடுவேள்னு நினைக்கலை. தலைவலின்னு சொல்லியிருந்தாலே போறுமே."