கதவு தட்டினால் கேட்க வேண்டும்

அந்த ஹெட்போன் சோடியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. கறுப்பு பேக்கலைட்டில் இரண்டு சிறிய வட்டுகள், தலைக்கு மேல் வளைந்த மெல்லிய தகடு, நூல் சுற்றிய வயர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன சாமான்கள் மூட்டை மூட்டையாகக் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்தபோது, அவற்றோடு வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் சரிவில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் உழைப்பில் வளர்ந்தவன், தோட்டத்தை விட்டு வெளியேறி கைத்தொழில்காரனுக்குரிய ‘ரேடியோ பாஸ்’ என்ற பெயரை வாங்கியிருந்தேன். அந்தப் பெயரால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. இன்று பஸ்ஸில் பார்க்கிறேன், பிள்ளைகள் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் காதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஒருவர் மேலும், என் மேலும்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவரை எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய படிப்புப் படித்த டாக்டர் அல்ல. ஆனாலும் இரவில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அவர் துண்டு எழுதித் தர வேண்டும். துண்டு இல்லாமல் தோட்டத்து லொறி அசையாது. அவருக்குச் சங்கீதப் பைத்தியம். இரவு பத்து மணிக்கு மேல் கடல் தாண்டி வரும் கச்சேரிகளைக் கேட்பார். அவருடைய மனைவிக்கோ ஊசி விழுந்தாலும் விழித்துக்கொள்ளும் தூக்கம். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தால் வீணையும் தெரியாது வயலினும் தெரியாது, இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ஹெட்போன் தேடி வந்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து தேர்ந்தெடுத்தார். பெண் பார்ப்பவர்கள்கூட அத்தனை யோசிக்க மாட்டார்கள். என்னிடம் இரண்டு சோடி இருந்தன. ஒன்று நான் சொன்ன லேசான சோடி. மற்றது பீரங்கி வண்டிக்குள் இருப்பவர்களுக்காகச் செய்தது. தடித்த ரப்பர் காது முழுவதையும் மூடிக்கொள்ளும்; தான் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்குமே தவிர, வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. பாட்டு அதில் அமிர்தமாக இருக்கும். அதைத்தான் எடுக்கச் சொன்னேன். அவர் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு மனமில்லாமல் கழற்றி வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு பாஸ். ஆனா ராத்திரியில யாராச்சும் வந்து கதவத் தட்டுனா எனக்குக் கேக்கணுமே” என்றார்.

லேசான சோடியைப் போட்டுக்கொண்டு, என்னை வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தட்டச் சொன்னார். ஒற்றை விரலால் தட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், உடனே கையைத் தூக்கினார். நகத்தால் சுரண்டினேன், அதற்கும் தூக்கினார். அதோடும் விடவில்லை. ரேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்க ஒற்றை வால்வில் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்துகொடுத்தேன். நல்ல பாட்டு வந்தால் தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டிவிடுவோமோ என்று பயந்து, ஓர் அளவுக்கு மேல் அதன் திருகு திரும்பாதபடி கட்டை வைக்கச் சொன்னார். வைத்துக்கொடுத்தேன். இப்படியும் ஒரு மனிதரா என்று அன்றிரவு சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் அவரைப் புகழ்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவர் புகழ்ச்சிக்குரியவராகத்தான் இருந்தார்.

மழைக்காலம் வந்தது. லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து, பிள்ளை பாதியில் நின்றுவிட்டது. அவளுடைய புருஷன் டாக்டரையாவின் வீட்டுக்கு மூன்று தடவை ஓடியிருக்கிறான். உள்ளே வெளிச்சம் இருந்தது. கதவைத் தட்டினான், இடித்தான், கத்தினான். திறக்கவில்லை. கடைசியில் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ரோட்டில் ஏறும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். டாக்டரையா ஏன் எழுந்து வரவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மழையோ, குளிரோ, பாதியில் விட முடியாத ஒரு ராகமோ. லயத்து ஆள்தானே, விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார் என்றே என் மனம் சொல்கிறது.

புருஷன், தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் முறையிட்டான். விசாரணைக்கு முதல் நாள் டாக்டரையா என் கடைக்கு வந்தார். லேசான சோடியை மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது வேணாம் பாஸ். அந்தப் பெரிய சோடியக் குடுங்க” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும் எடுத்துக் கொடுத்தேன். துரையின் பங்களா ரேடியோவும் உத்தியோகத்தர்களின் ரேடியோக்களும் என் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. டாக்டரையாவைப் பகைத்துக்கொண்டால் என் பிழைப்பு போய்விடும். லயத்துக்கே திரும்ப வேண்டியிருக்குமோ என்ற பயம் எனக்கு.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். துரை அந்தப் பெரிய சோடியைத் தூக்கிக் காட்டினார். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் தமிழில் கேட்டார்: இது உன் கடையில் வாங்கியதா? ஆமாம் என்றேன். இதைப் போட்டால் கதவு தட்டுவது கேட்குமா? கேட்காது என்றேன். இரண்டும் உண்மை. துரை தானே அதை மாட்டிக்கொண்டு கிளாக்கரை மேசையில் அடிக்கச் சொன்னார், சிரித்தபடி தலையாட்டினார். செத்தவளின் புருஷன் நின்றபடியே இருந்தான். உத்தியோகத்தர் மேல் வீண்பழி சொன்னதாக அவனுக்குக் கணக்கைத் தீர்த்துப் பற்றுச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்து, தகரப் பெட்டியோடு அவன் என் கடைவாசலில் வந்து நின்றான். ராத்திரி ரயிலில், வேறு தோட்டத்தில் இருந்த அண்ணனிடம் போகப் போவதாகச் சொன்னான். என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் லேசான சோடி தொங்கிக்கொண்டிருந்தது.

“டாக்டரையா போட்டிருந்தது இதுதானுங்களா பாஸ்?”

“இல்ல, வேற” என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

“மெய்யாவே அவருக்குக் கேட்டிருக்காதுங்களா?”

“கேட்டிருக்காது.”

அவன் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். கேட்டும் வராமல் இருந்தாரோ என்ற நினைப்புதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரை வாய்க்கு வந்தபடி சபித்துவிட்டதாகவும், ரயில் வருவதற்குள் போய் அவர் காலில் விழுந்துவிட்டு வருவதாகவும் சொன்னான். பெட்டியை என் கடையில் வைத்துவிட்டு, மழைத் தூறலில் தோட்டத்துப் பாதையில் திரும்பி நடந்தான். கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரம் நிறையவே இருந்தது. வேலை செய்வதுபோல ஒரு ரேடியோவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இருட்டும் நேரத்தில் நனைந்துபோய் வந்தான். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தான்.

“ஐயா என்னைய மன்னிச்சுட்டாருங்க பாஸ்” என்றான்.