ஒரு கிளச்சுக்கு மூன்று இடது கால்

வாகனம் ஓட்டப் பழக்குவது என்பது அடுத்தவருடைய காலை நம்முடைய வாயால் அசைக்கிற வேலை. என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் நான் படும் பாடு சொல்லாமலே விளங்கும்.

ரஞ்சினி களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மரக்கறி விற்கிறவள். அவளுடைய கணவர் யோகராசா வாராவாரம் வேனில் மலைநாட்டு வெலிமடைக்கு ஏறி மரக்கறி, அதிலும் நாங்கள் கோவா என்கிற முட்டைக்கோசு, கொண்டுவருவார். மூட்டை ஏற்றும்போது விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். பதிலுக்குப் பிடித்த சாரதி ஒரு தடவை போய்வந்தான், அடுத்த கிழமை போனையே எடுக்கவில்லை. சந்தையில் ஓர் இடம் கொஞ்ச நாள் வெறுமையாகக் கிடந்தால் போதும், வேறு யாராவது வந்து குந்திவிடுவார்கள். ரஞ்சினியிடம் லைசன்ஸ் இருந்தது, எடுத்த நாளிலிருந்து அலுமாரிக்குள். "மலை ஏறி இறங்கப் பழக்குங்க மிஸ்" என்று வந்து நின்றாள். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாலமும் குளக்கட்டும்தான்.

யாருக்கு வலித்தது?

அவர்களுடைய வேனிலேயே பழக்கினேன். முன்னால் மூன்று பேர் இருக்கலாம். ஸ்டியரிங்கில் ரஞ்சினி, நடுவில் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி நான், இடது பக்கம் மாவுக்கட்டுக் காலோடு யோகராசா. என்னுடைய காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இங்கே வாய் மட்டும்தான்.

ரோட்டில் மாடு குறுக்கே வந்தது. ரஞ்சினி கிளச்சை மிதித்தாள். யோகராசாவும் வெறும் தகரத்தை மிதித்து "ஐயோ" என்று கத்தினார். குனிந்து பார்த்தால் என் காலும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. நாளைக்கு வீட்டிலேயே இருங்கள் என்று அவரிடம் சொன்னேன். ரஞ்சினி விடவில்லை.

"வீட்ட இருந்தா கதிரைக்குக் கீழ மிதிப்பாரு மிஸ். இஞ்சயே இருக்கட்டும்."

குளக்கட்டில் ஏறிய கதை

குளக்கட்டுக்கு ஏறும் பாதையில் நடுவழியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். கிளச்சை மெல்ல மெல்ல விட, எஞ்சின் சத்தம் அமுங்கி வேனின் மூக்கு லேசாக நிமிரும். அந்த இடத்தில் காலை அப்படியே பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். ரஞ்சினி எடுத்தபோதெல்லாம் ஒன்றில் எஞ்சின் நின்றது, இல்லாவிட்டால் வேன் பின்னால் போனது. பின்னால் நெல் மூட்டையோடு ஒரு டிராக்டர் வந்து நின்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "சந்தை போச்சு மிஸ்" என்றாள்.

டிராக்டர்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. இறங்கி வந்து எங்கள் பின் சில்லுக்கு ஒரு கல் வைத்தார். ரஞ்சினி வீட்டில் தையலும் செய்கிறவள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "செருப்பைக் கழற்று. குதிக்காலைத் தரையில் ஊன்று. மெசினை மெல்ல ஓட்டுகிற மாதிரி முன் பாதத்தால் மட்டும் விடு" என்றேன். மூக்கு நிமிர்ந்தது, பிடித்தாள், வேன் குளக்கட்டில் ஏறிவிட்டது. டிராக்டர்காரர் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

"கல்லு இஞ்சயே கிடக்கட்டும் தங்கச்சி, நாளைக்கும் வருவீங்கதானே."

கோவா மணம்

எங்கள் ஊர் ஓட்டிகளின் இடது கால் கிளச்சை விட்டு இறங்காது. எந்த நேரமும் மாடு வரும் என்று அரைவாசி மிதித்தபடியே போவார்கள். சமதரையில் கிளச் தேய்வதோடு போய்விடும். மலை இறக்கத்தில் அப்படி மிதித்தால் எஞ்சின் சில்லைப் பிடிக்காது, பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும், பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும். "மிதிக்காத நேரம் காலைக் கிளச்சுக்கு இடப்பக்கம் வை" என்று ரஞ்சினிக்குச் சொன்னேன். யோகராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் இத்தனை வருசமும் கிளச்சில் கால் வைத்துத்தான் இறங்கினதாம், ஒன்றும் ஆகவில்லையாம். ரஞ்சினி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு முறையும் வேன் கருகின மணத்தோட வரக்குள்ள, கோவா அவிஞ்சு போச்சு எண்டுதானே எனக்குச் சொன்னீங்க?"

பசறை இறக்கம்

முதல் பயணத்துக்கு யோகராசாவோடு நானும் போனேன். ஏறும்போது பயம் இல்லை. மரக்கறியை ஏற்றிக்கொண்டு பசறைப் பக்கம் இறங்கும்போதுதான் என் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. செக்கன்ட் கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு வேனைப் பிடித்து வந்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது.

"கிளச்சை அமத்து புள்ள!" என்று யோகராசா கத்தினார். மாவுக்கட்டுக் கால் தரையில் விழுந்தது. ரஞ்சினியின் இடது காலும் கிளச்சுக்கு மேலே எழும்பிவிட்டது. என் கை ஹேண்ட் பிரேக்கில் இறுகியது. அவள் காலைத் திருப்பி எடுத்து ஓரத்தில் வைத்தாள். வலது காலால் பிரேக்கை அளவாக அழுத்தினாள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "மாடு வந்தாச் சொல்லுங்க, அமத்துறன்" என்றாள். பஸ் உரசாமல் போனது.

அடிவாரத்தில் நிறுத்தச் சொன்னார் யோகராசா. ஊன்றுகோலோடு இறங்கி, ஒவ்வொரு சில்லாகக் குனிந்து மணந்து பார்த்தார். திரும்பி வந்து ஏறி, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"இண்டைக்குக் கோவா அவியல்ல."

சந்தையில் அவர்களுடைய இடம் இன்றும் அவர்களுடையதுதான், வேனில் மட்டும் யோகராசாவின் காலடியில் ரஞ்சினி ஒரு செங்கல் வைத்திருக்கிறாள், எதையாவது மிதிக்காமல் அந்த மனிசனால் மலை இறங்க ஏலாதாம்.